அவள் பங்குச் சாப்பாடு

"நான் தொடலைடி, சொல்றதை முதல்ல..."

"அப்போ டப்பாவே தின்னுடுச்சா?"

"...கேளு. நீ கிளம்பினதிலிருந்து நான் இந்த நாற்காலியை விட்டு..."

"முட்டையும் காணோம், ரொட்டியும் காணோம். காத்துக்கா அவிச்சு வச்சேன்? யாருக்காகக்கா நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து இந்தப் பாடு படுறேன்?"

"எனக்காகத்தான். தெரியும். ஆனா தொடலை."

தங்கை டப்பாவைக் கவிழ்த்து மேசைமேல் தட்டிக் காட்டினாள். ஒரு துணுக்குகூட உதிரவில்லை. நக்கித் துடைத்த மாதிரி பளபளத்தது. அக்கா அதைப் பார்க்காமல் தன் முழங்கால்களைப் பார்த்தாள். இரண்டும் வீங்கி, தனித்தனியாக யாரோ கொண்டுவந்து வைத்த சாமான்கள்போல் அவள் முன்னால் கிடந்தன.

அந்த முழங்கால்களுக்காகத்தான் இந்த வீட்டுக்கு அவள் திரும்பி வந்ததே. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்து ஒன்றுமில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார். ஆனால் இந்த எடையோடு அறுவை சிகிச்சை மேசையில் ஏற்ற மாட்டேன், குறைத்துக்கொண்டு வாருங்கள், தள்ளிப்போட்டால் மிச்ச ஆயுள் முழுக்கச் சக்கர நாற்காலிதான் என்றும் சொல்லிவிட்டார். அக்கா குடியிருந்தது மாடியில். படியேற முடியவில்லை. அப்போதுதான் தங்கை வந்து, என் கண் முன்னாடி வந்து இரு, நான் குறைத்துக் காட்டுகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

தங்கை இருந்தது அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டில். சாப்பாட்டு மேசையும் அதே மேசை. மேசைக்கு எதிரே சாமான் அறை. பழைய பெட்டிகளும் கட்டுக்கட்டாகச் செய்தித்தாளும் கிடக்கும், ஜன்னல் இல்லாத அறை. கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். வந்த நாளிலிருந்து அக்கா அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. தங்கையும் போகச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வேலை, மின்சாரம் போனால் ஜனங்கள் கூப்பிடும் புகார் எண்ணில் பதில் சொல்வது; முழங்காலுக்காக இப்போது நீண்ட விடுப்பு. குரல் அப்படி இருக்கும். கரண்ட் வராட்டியும் பரவாயில்லை, நீங்க பேசிட்டே இருங்க என்று ஒரு கிழவர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சியிருக்கிறார். அந்தக் குரலை வைத்து ஒல்லியாக ஒருத்தியைக் கற்பனை செய்து, பூங்கொத்தோடு அலுவலகம் வரைக்கும் வந்த ஒரு மனிதர், அவளையே பார்த்து அவள் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனதும் உண்டு. அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பது அவள்தான்.

தங்கை அதற்கு நேர்மாறு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மணிக்கட்டில் கடிகாரம் நிற்காமல் முழங்கை வரைக்கும் வழுக்கி ஓடும். அக்காவும் தங்கையும் சேர்ந்து நின்றால் பத்து என்று எழுதின மாதிரி இருக்கிறது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். தங்கை உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வாய்.

தங்கை வேலைக்குப் போன பிறகு, நல்ல வெயில் நேரத்தில்தான் அந்தச் சத்தம் வரும்.

அக்கா தனக்கு நிறுத்து வைத்த காயைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோவாள். அப்போது கேட்கும். மெல்லும் சத்தம் இல்லை. காலடி இல்லை. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். காய்ந்த தொண்டையில், ஒன்றுமில்லாததை விழுங்கும் சத்தம்.

கரண்டியை இறக்கினால் நின்றுவிடும்.

ஏற்றினால் மறுபடியும் வரும்.

கூடவே ஒரு வாடை. நனைந்த செய்தித்தாளின் வாடை. அக்காவுக்கு அது நாக்கிலேயே தெரியும். அந்த அறைக்குள் பசி தாங்காமல் காகிதத்தைக் கிழித்து எச்சிலில் ஊறவைத்து மென்ற பிள்ளைக்கு, அந்த ருசி சாகும்வரை போகாது.

அவர்களுடைய அம்மா கத்துகிறவள் இல்லை. அக்கம்பக்கத்தில் பொறுமைசாலி என்று பெயர். பெரியவள் பையை இடம் மாற்றி வைத்தால், எதிர்த்துப் பேசினால், பிற்பாடு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டாலே போதும், கையைப் பிடித்து அழைத்துப்போய் சாமான் அறையில் விட்டு வெளியே தாழ் போடுவாள். அடிக்க மாட்டாள். பிறகு மேசைக்கு வந்து, பெரியவளின் பங்கையும் சின்னவள் தட்டில் போட்டு, முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

பெரியவள் வேலை கிடைத்ததும் ஓடினாள். முதல் சம்பளத்தில் ரொட்டி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அதற்குப் பிறகு அவள் பட்டினி கிடந்ததே இல்லை. ஆனால் உடம்பு நம்பவில்லை. நாளைக்குக் கிடைக்காது, நாளைக்குக் கிடைக்காது என்று எடுத்து வைத்துக்கொண்டே போனது. ஊரிலுள்ளவர்களுக்குத் தெரிந்தது உடம்பு மட்டும்தான். வாயைக் கட்டும்மா என்றார்கள்.

வாயைக் கட்டித்தான் இருந்தாள் இப்போது. ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது.

டாக்டர் எடைக் கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் சாப்பிடலை டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அன்று சாயங்காலம் தங்கை பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் சுருளைக் கொண்டுவந்தாள். ரத்தக் குப்பிகளின் மூடிமேல் ஒட்டுகிற முத்திரை அது. ஒருமுறை ஒட்டினால் கிழியாமல் பிரியாது, திரும்ப ஒட்டவும் முடியாது. வீட்டில் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டி, குறுக்கே தன் கையெழுத்தையும் போட்டாள். வேலைக்குப் போகும்போது சுருளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது முத்திரை எதுவும் கிழியவில்லை. கையெழுத்து போட்டது போட்டபடி இருந்தது.

தங்கை தன் கையாலேயே ஒன்றைக் கிழித்தாள். டப்பா காலி. அடுத்ததைக் கிழித்தாள். அதுவும் காலி.

அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. கத்தும் தங்கையை அவளுக்குத் தெரியும். பேசாமல் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் தங்கையைத் தெரியாது.

அடுத்த விடுமுறை நாளில் தங்கை மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தே விட்டாள். நடுவில் ஒரு டப்பா. உள்ளே அவித்த முட்டை. மேலே முத்திரை. தனக்கு ஒரு தட்டில் கொஞ்சம் சூடான காய் வைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் பார்த்துட்டே இருப்போம், உன் மேலயும் சந்தேகம் வேண்டாம், என் மேலயும் வேண்டாம் என்றாள். வெளியே யாரோ வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளியில் துணி பிழியும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

தங்கை கரண்டியை எடுத்தாள்.

சாமான் அறைக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

கரண்டி பாதியில் நின்றது. தங்கையின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கும் கேட்குதா?" என்றாள் அக்கா.

தங்கை கரண்டியை வாய்க்கு ஏற்றினாள். அப்போதுதான் அக்கா கதவிடுக்கைப் பார்த்தாள்.

தரையில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது.

கரண்டி ஏற ஏற, அதன் வாயும் திறந்தது. குழந்தைக்கு ஊட்டும் தாய் தன் வாயையும் சேர்த்துத் திறப்பாளே, அப்படி. கரண்டி தங்கையின் வாய்க்குள் போனதும் அந்த வாய் வெறுமனே மூடிக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது. முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது.

அக்கா தன் நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்தாள். உடைந்த ஓரம் அதே இடத்தில் இருந்தது.

இந்த வீட்டில் எந்தக் குழந்தையும் செத்ததில்லை.

அப்போது அவள் வயிறு நிரம்பியது. வாய் திறக்காமல், கை நகராமல் நிரம்பியது. இடுப்பு நாடா இறுகியது. தொண்டையிலிருந்து ஏப்பம் வந்தது. முட்டை வாடை. தங்கை டப்பாவை எடுத்து ஆட்டினாள். உள்ளே எதுவும் உருளவில்லை. முத்திரை அப்படியே இருந்தது.

கதவிடுக்கில் யாருமில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் அக்கா.

"நீ போன மறுநாள்லேர்ந்து." தங்கை தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சேன். இந்த வீட்டுல ஒரு வாய் நிம்மதியா முழுங்கினதில்லை. வெளியே ஓட்டல்ல உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் காதுலயே இருக்கும். அம்மா செத்ததும் தாழ்ப்பாளைக் கழற்றித் தெருவுல வீசினேன். அப்பவும் நிக்கலை."

"நான் போனப்புறமுமா?"

"நீ எங்கேக்கா போனே? நீ இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை."

இருவருக்கும் அப்போதுதான் கணக்கு புரிந்தது. அந்தக் குழந்தை அங்கே தின்பது அக்கா மேல் ஏறுகிறது. அது பார்த்துக்கொண்டிருந்தால் தங்கைக்கு ஒரு வாய் இறங்குவதில்லை. ஒரே பசி, இரண்டு உடம்பு. யாரிடம் போய் இதைச் சொல்வது? டாக்டரிடமா?

பூட்டிவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது பிற்பாடு இருவருக்கும் நினைவில்லை. இரண்டு பேருமே சொல்லியிருக்கலாம். எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று இருவரும் யோசித்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பசிக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும்.

தச்சர் வந்தார். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தாழ்ப்பாள் இருந்த ஓட்டை இருக்கே, வேலை சுலபம் என்றார். பிறகு குனிந்து கதவின் உள்பக்கம், அடியோரத்தைக் காட்டினார். எலி பலமாகக் கடித்து வைத்திருக்கிறது, மருந்து வையுங்கள் என்றார். அக்கா தலையாட்டினாள். அது எலி இல்லை என்று அவள் பல்லுக்குத் தெரியும்.

அவர் போன பிறகு தங்கை தாழ்ப்பாள் அருகே வரவே மறுத்தாள். அக்காதான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் செய்தித்தாள் கட்டின் மேல் அது உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எதுவும் கேட்கவில்லை. எழவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, கதவு சாத்துவதற்கு இடம்கொடுத்தது.

அக்கா கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

உள்ளே யாரும் அழவில்லை. அழுதால் இன்னும் நேரமாகும் என்று அதற்குத் தெரியும்.

எடை குறைய ஆரம்பித்தது.

தங்கை ஒட்டுத்தாளைக் குப்பையில் போட்டாள். வைத்த சாப்பாடு வைத்த இடத்தில் இருந்தது. அக்காவின் சட்டைகள் தளர்ந்தன. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார், இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே என்றார். புகார் அலுவலகத்திலிருந்து பக்கத்து நாற்காலிக்காரி கூப்பிட்டு, என்னடி, குரலே மெலிஞ்சு போச்சு, அந்தப் பூங்கொத்து ஆளுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றாள். வெளியே போனால் தெருவில் முகம் தெரியாதவர்கள்கூட இப்போது வழிவிட்டு, சிரித்து, ரொம்ப முயற்சி பண்ணியிருக்கீங்க என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

தங்கை உட்கார்ந்து சாப்பிட்டாள். அதுதான் வீட்டில் பெரிய விசேஷம். தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு சாப்பிட்டாள். கடிகாரம் மணிக்கட்டிலேயே நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. பாத்திரம் கழுவும்போது அவளுக்கே தெரியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். உப்பு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா என்றாள் ஒருநாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அக்காவின் தொண்டையில் மட்டும் எதுவும் இறங்கவில்லை.

முதலில் ரொட்டி. மென்றாள், மென்றாள், அது கூழாகி, நாக்கில் ஒட்டி, நனைந்த காகிதமானது. பிறகு காய். பிறகு பால்கூட. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால் அந்த வாடை அவளிடமிருந்தே வந்தது. கையை நீட்டினால் நடுங்கியது. தலைமுடி சீப்போடு வந்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"போதும்மா. இனிமே சாப்பிடணும். இப்படியே போனா மயக்க மருந்து கொடுக்கவே பயப்படுவாங்க."

"சாப்பிடுறேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகச் சாமான் அறைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பூட்டின நாளிலிருந்து உள்ளே சத்தமே இல்லை. எச்சில் விழுங்குகிற சத்தம்கூட இல்லை. விழுங்குவதற்கு எச்சில் மிச்சமில்லை போல.

தங்கை தட்டோடு வந்தாள். அக்கா எங்கே பார்க்கிறாள் என்று பார்த்ததும் நின்றாள்.

"வேண்டாம்க்கா."

"செத்துக்கிட்டிருக்குடி அது."

"திறந்தா நீ நடக்க மாட்டே."

"திறக்கலைன்னா நான் இருக்கவே மாட்டேன்."

தங்கை தட்டைப் பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. பாதி சாப்பிட்டிருந்தாள். பாதி மிச்சம்.

"அப்போ நான்?" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி. "இப்பத்தான்க்கா எனக்கு ருசியே தெரியுது."

யாரைத் திறந்துவிட்டு யாரைப் பூட்டுவது? அம்மா செத்துப்போன பிறகும் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒருசேரச் சாப்பாடு கிடைக்க வழி இல்லை. அவள் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போனது. புதுத் தாழ்ப்பாள், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கதவு திறக்கவில்லை.

இழுத்தாள். கொஞ்சம் வந்தது. திரும்பவும் உள்ளே போய்ப் பொருந்திக்கொண்டது. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் அதே. மரம் உப்பி இறுகியிருந்தால் அப்படிப் போகாது. உள்ளே ஏதோ பிடித்திருந்தது. பலமில்லாமல், ஆனால் விடாமல் பிடித்திருந்தது.

தங்கை தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து கைகொடுத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். விரலளவு இடுக்கு விழுந்தது. நனைந்த காகித வாடை முகத்தில் அறைந்தது. இடுக்கில் நான்கு விரல்கள் கதவோரத்தை உள்பக்கமாகப் பற்றியிருந்தன. எலும்பின் மேல் தோல் மட்டும். நகங்களுக்குள் அச்சு மை.

தங்கை கையை எடுத்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அக்கா முழங்காலில் விழுந்தாள். எத்தனையோ வருஷமாக மடங்காத முழங்கால்கள் மடங்கின. வலியில் கண் இருட்டியது. கடிபட்ட அந்த அடியோரத்தின் அருகே வாயை வைத்து, புகார் சொல்லி அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிற அந்தக் குரலில் பேசினாள். வெளியே வா கண்ணு, தாழ்ப்பாள் எடுத்தாச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சாப்பாடு சூடா இருக்கு என்றாள். உள்ளே அசைவில்லை. தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் இருந்து பேசும் குரல் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒருத்தியுடையதாகத்தான் இருந்திருக்கிறது என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"நான் யாருன்னு தெரியுதா?" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், மிகத் தாழ்வாக, தரையோடு தரையாக, ஒரு காய்ந்த தொண்டை ஒருமுறை விழுங்கியது. பிறகு மெதுவாக, மரியாதையாக, பதில் வந்தது.

"தெரியுதும்மா. இனிமே எனக்குப் பசிக்கவே பசிக்காது, சரியாம்மா?"